ஓடாத குடும்பம்

நாய் துரத்தினாலும் நடந்தே போகிற ஆள் நான். சோம்பல் என்று நினைக்க வேண்டாம், பருமன் என்றும் நினைக்க வேண்டாம். பருமன் பிறகு வந்தது. ஓடக்கூடாது என்பது அதற்கு எவ்வளவோ முந்தியே வந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கைக்குள் எண்பத்துமூன்று ஆடி மாதம் தமிழரைத் தேடிப் பொல்லுகளோடு ஆட்கள் வந்தபோது எனக்குப் பதினேழு வயது. அம்மா இல்லை, தம்பியைப் பெற்ற கையோடு போய்விட்டார். நாலு வயதுத் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தபடி வாசலைத் தாண்டினார். சந்தியில் ஒரு கடை எரிந்துகொண்டிருந்தது. என் கால்கள் தன்பாட்டில் ஓடப் பார்த்தன. "ஓடாத பிள்ளை. ஓடினா ஆரெண்டு தெரிஞ்சிடும்" என்றார் அப்பா, வாயை அசைக்காமல். உண்மைதான். ஓடியவர்களைத்தான் அவர்கள் துரத்தினார்கள். நாங்கள் பாண் வாங்கப் போகிறவர்கள் மாதிரி நடந்தோம். பொல்லோடு நின்ற ஒருவனைப் பார்த்து அப்பா தலையாட்டிச் சிரித்தும் வைத்தார். தேவாலய வளவுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் என் கையை விட்டார். மணிக்கட்டில் அவருடைய விரல்கள் பதிந்த இடம் கன நாளாக நீலம் பாரித்துக் கிடந்தது.

அதோடு எங்கள் குடும்பத்தில் ஓட்டம் நின்றுபோனது. பஸ் வெளிக்கிட்டால் அடுத்த பஸ். மழை பிடித்தால் நனைவது. பின்னால் யாராவது கத்தினால் திரும்பிப் பார்க்காமல் அதே வேகத்தில் நடப்பது. தம்பி வளர வளர அவனுக்கும் நானே இதைப் பழக்கினேன். அவனோ நெடுவல், காலும் கையும் நீட்டு நீட்டாக. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடிவிட்டு வந்து ஒரு கிண்ணத்தைக் காட்டினான். "மைதானத்துக்குள்ள எவ்வளவும் ஓடு. றோட்டில ஓடினியோ, காலை முறிப்பன்" என்றேன். சொன்ன சொல்லுக் கேட்கிற பிள்ளை. அப்படிக் கவனமாக வளர்த்தவனைத்தான் பிறகு இராணுவத்தினர் வீட்டுக்குள் வந்து பிடித்தார்கள். ஓடியதற்காக அல்ல, படுத்திருந்ததற்காக.

அப்போது அப்பாவும் இல்லை. நானும் தம்பியும் வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருந்தோம். எனக்கு நாற்பது கடந்துவிட்டது. கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. தம்பி பம்பலப்பிட்டியில் கணினி திருத்துகிற கடையில் இருந்தான். சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முறிந்து, விடியற்புறச் சுற்றிவளைப்புகள் திரும்பவும் தொடங்கியிருந்தன. ஒருநாள் எங்கள் மாடியில் லிப்ற் வந்து நின்றது. தம்பியைச் சாரத்தோடு, வெறும் மேலோடு கூட்டிக்கொண்டு போனார்கள். சேட்டு ஒன்றைக் கொடுக்க நான் பின்னாலே போனேன். அதற்குள் லிப்ற் கதவு பூட்டிவிட்டது. சேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவடியில் நின்றேன்.

எட்டு மாதம் கழித்து விட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்று பிடித்தபோதும் சொல்லவில்லை, ஏன் விட்டார்கள் என்று விட்டபோதும் சொல்லவில்லை.

வந்தவன் வீட்டை விட்டு வெளியே இறங்கவில்லை. சாரம் உடுத்துவதை அடியோடு விட்டான். நித்திரைக்கும் காற்சட்டை, சேட்டு, இடுப்பில் பெல்ற். எங்கள் மாடியில் லிப்ற் நிற்கிற சத்தம் கேட்டால் எழுந்து கதவுக்கு நேரே போய் நிற்பான், போகத் தயாராக. பார்த்தால் பக்கத்து வீட்டு மனுசி மீன் வாங்கிக்கொண்டு வந்திருப்பா. அங்கே நடந்ததை அவன் சொல்லவில்லை, நானும் கிண்டவில்லை. கிண்டினால் எது வெளியில் வருமோ என்று எனக்குப் பயம்.

ஒருநாள் நான் சோறு போட்டுக்கொடுக்கும்போது, கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வது போல, "நான் இல்லாட்டி உங்களுக்கு எவ்வளவு சுகம், அக்கா" என்றான்.

"விசர்க்கதை கதைக்காமல் சாப்பிடு" என்றேன். ஆனால் அன்று பின்னேரமே பல்கனிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். நாலாம் மாடி அல்லவா. திறப்பைக் கைப்பைக்குள் கொண்டுதான் வேலைக்குப் போவேன். கந்தோரில் தொலைபேசி அடித்தால், திறப்பு பைக்குள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் எடுப்பேன். வெளியில் விட்டால் யாராவது பிடித்துக்கொண்டு போவார்கள்; உள்ளே வைத்திருந்தால் தானாகவே போய்விடுவான். என் நிலைமை இதுதான். அவனை உயிரோடு வைத்திருக்க எனக்கு வழி தெரியவில்லை.

இந்த இலட்சணத்தில் எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் கண்டுபிடித்தார். நடக்கச் சொன்னார். இதைக் கந்தோரில் என் பக்கத்து மேசைச் சிங்களப் பெண்ணிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நல்ல மனுசி, ஆனால் ஒரு காரியத்தைப் பிடித்தால் விடமாட்டா. சில மாதத்தில் ஒரு நெடுந்தூர ஓட்டம் நடக்கப்போகிறது, தான் ஓடப்போவதாகவும் நானும் வரவேண்டும் என்றும் நின்றா. நகரத்துப் பெரிய பூங்காவில் தொடங்கி, கிருலப்பனைப் பாலத்தைக் கடந்து, நுகேகொடை போய்த் திரும்பி வருவது. பன்னிரண்டு கிலோமீற்றர். ஓட ஏலாதவர்கள் நடக்கலாமாம். எனக்கு ஓடத் தெரியாது என்றேன். ஓடத் தெரியாத மனிதர் உலகத்தில் உண்டா என்று சிரித்தா. அவவுக்கு நான் எதைச் சொல்லி விளங்கப்படுத்துவது? என்னைக் கேளாமலே என் பெயரையும் கொடுத்துவிட்டா.

கோபத்தோடு வீட்டுக்கு வந்து தம்பிக்கு முன்னால் அந்த மனுசியைத் திட்டித் தீர்த்தேன். முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவன் தலையைத் திருப்பினான். "பன்னிரண்டு கிலோமீற்றர், நீங்கள்?" என்றான். வாயோரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. வீட்டுக்கு வந்த பிறகு அவன் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் நடக்கத் தொடங்கினேன். சீனி வருத்தம் கிடக்கட்டும்.

விடியற்புறம் இறங்குவேன். புறக்கோட்டையில் வாங்கிய வெள்ளைச் சப்பாத்து, சுரிதார், சால்வையைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்திருப்பேன். பொட்டை வீட்டிலேயே அழித்துவிடுவேன். வலக் கையில் அடையாள அட்டை. அதைப் பைக்குள் வைக்கக்கூடாது. பைக்குள் கையை விட்டால் எதை எடுக்கிறாள் என்று அவர்கள் நினைக்கலாம். ஆகவே எப்போதும் கையிலேயே, வியர்வையில் வழுக்க வழுக்க. ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு காவலரண், பிறகு கடலோர மரின் ட்ரைவில் விட்டு விட்டு இன்னும் சில. மணல்மூட்டைக்குள்ளிருந்து ரோச் லைற் முகத்தில் விழும். "கொஹேத யன்னே?" எங்கே போகிறாய். "எக்ஸசைஸ், மாத்தயா", உடற்பயிற்சி ஐயா, என்பேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தேவைதான் என்பது போல விட்டுவிடுவான்.

அந்த வீதியில் நடக்கிற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு விசயம் தெரியும். இந்த ஒழுங்கை வாசலில்தான் ஒரு கடைக்காரப் பெடியனை வெள்ளை வான் வண்டியில் ஏற்றினார்கள். அந்தப் பச்சைக் கேற்றடியில்தான் ஒரு தகப்பனை. ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஆனால் அந்த இடங்கள் வந்தால் எல்லோருடைய நடையும் கொஞ்சம் விலகும். கதைத்துக்கொண்டு வருகிறவர்கள் கதையை நிறுத்துவார்கள். தாண்டிய பிறகு விட்ட இடத்திலிருந்து கதை தொடரும். நானும் விலகித்தான் நடந்தேன். யாரோ நிற்கிற இடத்தை மிதித்துவிடக்கூடாது என்கிற மாதிரி.

ஒருநாள் வீதியோரத்தில் ஒற்றைச் செருப்புக் கிடந்தது. ஆம்பிளைச் செருப்பு, புதிது. மறுநாளும் கிடந்தது. பிறகு மழை பெய்தது, அதற்குப் பிறகும் கிடந்தது. குப்பை கூட்டுகிறவர்கள்கூட அதைச் சுற்றித்தான் கூட்டினார்கள். அதைத் தாண்டும்போதெல்லாம் தம்பியின் கால் அளவா என்று பார்ப்பேன். தம்பி வீட்டில் கதவடியில் நிற்கிறான் என்று தெரியும். தெரிந்தும் பார்ப்பேன்.

ஓம், கதவடியில்தான் நிற்பான். நான் இறங்கும்போது எழுந்து வந்து நிற்பவன், திரும்பி வரும்போதும் அதே இடத்தில் நிற்பான். இடையில் இருந்தானா, தண்ணி குடித்தானா, ஒன்றும் தெரியாது.

ஒரு காலை, காவலரணுக்குப் புதிதாக வந்த ஒருவன் என்னை மறித்துவிட்டான். கொழும்பிலே பிறந்தவள் என்று அட்டையில் இருக்கிறது, சிங்களம் ஏன் இப்படிக் கதைக்கிறாய் என்று கேட்டான். பெரியவர் வருமட்டும் நிற்கச் சொன்னான். மணல்மூட்டைக்குப் பக்கத்தில் நின்றேன். வெயில் ஏறி, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகத் தொடங்கிவிட்டார்கள். தெரிந்தவர்கள் சிலர் என்னைத் தெரியாதவர்கள் மாதிரித் தாண்டிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார், நானும் அப்படிப் போயிருக்கிறேன். ஒருவழியாக விட்டதும் வேகமாக, ஆனால் ஓடாமல், வீட்டுக்கு வந்தேன்.

தொடர்மாடிக் கேற்றடியில் தம்பி நின்றான். காற்சட்டை, சேட்டு, பெல்ற், வெறுங்கால். லிப்ற்றில் ஏறாமல் நாலு மாடியும் படியால் இறங்கி வந்திருக்கிறான். கேற்றுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன் பிந்தினனீங்கள்?"

"மறிச்சுப்போட்டாங்கள்."

"இனித் தனியப் போகவேண்டாம். நானும் வாறன்."

கோபமாகத்தான் சொன்னான். தனக்காக ஒரு படிகூட இறங்காதவன் எனக்காக நாலு மாடி இறங்கி வந்திருக்கிறான். "சப்பாத்தும் போடாமல் எங்கயடா வாறாய், விசரா" என்று ஏசினேன்.

அடுத்த நாளே வந்தான். காவலரணில் அவனுக்குத்தான் கேள்வி கூட. நான் முந்திக்கொண்டு "மகே மல்லி, மாத்தயா", என் தம்பி, என்று சொல்லிவிடுவேன். கதைத்துக் கதைத்து என் சிங்களமும் திருந்தியது. ஒரு கிழமை அப்படி வெறும் நடைதான். பிறகு ஒருநாள், பின்னாலிருந்த காவலரண் மறைந்து முன்னாலிருக்கிறது இன்னும் தெரியாத ஒரு துண்டு வீதியில், "கொஞ்சம் ஓடிப் பாப்பமா அக்கா?" என்றான்.

முன்னும் பின்னும் பார்த்தேன். கடல் இரைந்துகொண்டிருந்தது, ஒரு சனமும் இல்லை. ஓடினோம். நான் ஓடியதை ஓட்டம் என்று யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் இரண்டு காலும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டது, அதில் சந்தேகமில்லை. அந்த நேரத்தில் என் மணிக்கட்டில் அப்பாவின் பிடி இறுகியது. கதைக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு விரலாக உணர்ந்தேன். மணல்மூட்டை கண்ணில் பட்டதும் இருவரும் நடைக்கு மாறி, மூச்சை அடக்கிக்கொண்டு, நல்ல பிள்ளைகளாகப் போய் அட்டையை நீட்டினோம்.

எங்கள் பயிற்சி அப்படித்தான் அமைந்தது. எவ்வளவு தூரம் ஓடுவது, எங்கே நடப்பது என்பதைக் காவலரண்கள்தான் தீர்மானித்தன. அவர்கள் கண்ணுக்குப் படாத இடத்தில் ஓட்டம், பட்டதும் நடை, கிட்டப் போனதும் நின்று அட்டை காட்டுவது, திரும்பவும் மறையும்வரை நடை. போகப் போக உடம்பே அதைப் பழகிவிட்டது. மணல்மூட்டையைக் கண்டால் மனம் சொல்வதற்கு முதலே கால் நின்றுவிடும், கை நீண்டுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கந்தோர்ச் சிநேகிதி எங்களோடு பழக வந்தா. காவலரணில் இருந்தவனுக்குத் தலையை ஆட்டிவிட்டு அவ ஓடிப் போய்விட்டா. நாங்கள் நின்றோம். அந்தப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தவ, "அவன் கேட்கவே இல்லையே, ஏன் நின்றீர்கள்?" என்று கேட்டா. கேட்பதற்கு முதல் கொடுத்துவிட்டால் கரைச்சல் இல்லை என்றேன். அவவுக்கு விளங்கவில்லை. விளங்காமல் இருப்பதும் ஒரு கொடுப்பினைதான்.

நகரத்தில் எங்கோ குண்டு வெடித்தால் சில நாளைக்கு வெளியே இறங்க ஏலாது. அப்போது குசினியிலிருந்து ஹோலுக்கும் ஹோலிலிருந்து குசினிக்கும் நடப்போம், அவன் முன்னாலும் நான் பின்னாலும். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார். "உங்களைத்தான் இடிக்கிறார், என்னை இல்லை" என்பான் தம்பி. அவன் பகிடி விடத் தொடங்கியிருந்தான். இரண்டாம் முறை சோறு கேட்டான். மத்தியானத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான், பெல்ற்றோடுதான், ஆனால் தூங்கினான். நான் கதிரையைப் போட்டுக்கொண்டு அவன் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பல்கனிப் பூட்டை மட்டும் கழற்றவில்லை. எனக்குத் துணிவு வரவில்லை.

அவனுக்கும் ஒரு இலக்கம் எடுத்துத் தரும்படி சிநேகிதியிடம் சொன்னேன். ஓட்டம் நடந்த காலையில் பூங்காவுக்குள் எள் போட இடமில்லை. எல்லோருக்கும் ஒரே நிற ரீசேட், எல்லோர் நெஞ்சிலும் ஒரு இலக்கம். யார் எந்த ஊர், யார் எந்தச் சாதி சனம் என்று பார்த்துச் சொல்ல ஏலாது. வெடியோசைக்குப் பதிலாகக் கொடி காட்டித் தொடங்கினார்கள். அந்த நாட்களில் கொழும்பில் யாரும் விளையாட்டுக்கும் வெடி வைக்க விரும்பவில்லை. சிநேகிதி முன்னால் போய் மறைந்துவிட்டா. நாங்கள் இருவரும் கடைசிக் கூட்டத்தோடு, கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நடந்து, ஹவ்லொக் வீதி வழியே போனோம். வீட்டு வாசல்களில் நின்ற சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் கையைக் காட்டிக்கொண்டு போனேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பக்கத்தில் என் பிள்ளை ஓடிக்கொண்டிருந்தான், பட்டப்பகலில், றோட்டில்.

கிருலப்பனைப் பாலத்தடியில் எப்போதும் பெரிய சோதனைச்சாவடி இருக்கும். அன்றைக்கு ஓட்டக்காரருக்காகத் தகரப் பீப்பாய்களை ஓரத்துக்குத் தள்ளி வழிவிட்டிருந்தார்கள். இராணுவத்தினர் நாலைந்து பேர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். எங்களுக்கு முன்னால் போனவர்கள் கையசைத்துக்கொண்டே ஓடிப்போனார்கள். இதெல்லாம் என் கண்ணில் படவில்லை. மணல்மூட்டை பட்டது. என் கால் நடைக்கு மாறியது. பக்கத்தில் தம்பியின் காலும் மாறியது. இருவரும் ஒருவர் பின் ஒருவராக வரிசைக்கு வந்து, முன்னால் நின்ற இராணுவத்தினனுக்கு நேரே போய் நின்று அட்டையை நீட்டினோம்.

பின்னால் வந்தவர் ஒருவர் என்னில் மோதி, ஏதோ முணுமுணுத்துவிட்டு விலகிப் போனார். இராணுவத்தினன் அட்டைகளைப் பார்த்தான், எங்கள் நெஞ்சிலிருந்த இலக்கங்களைப் பார்த்தான். தம்பியிலும் இளையவன். சிரித்துவிட்டான். கெட்ட சிரிப்பு இல்லை. "மே ரேஸ் எக்கனே, அக்கே" என்றான். இது ஓட்டப்போட்டி அல்லவா அக்கா. அட்டைகளைத் திருப்பித் தந்தான். பிறகு தம்பியைப் பார்த்து, பாலத்தின் பக்கம் கையைக் காட்டி, "துவன்ன மல்லி, துவன்ன" என்றான். ஓடு தம்பி, ஓடு.

எனக்கு மானம் போய்விட்டது. அசடு வழியச் சிரித்துக்கொண்டு போகத் திரும்பினேன். தம்பி திரும்பவில்லை. இராணுவத்தினனையே பார்த்தபடி நின்றான். முகத்தைத் திருப்பாமல் ஒரு அடி பின்னால் வைத்தான். பிறகு இன்னொரு அடி.

"வா" என்றேன்.

"முதுகைக் காட்டமாட்டன், அக்கா."

"என்னடா சொல்லுறாய்?"

"அங்கயும் ஒருத்தனை இப்பிடித்தான் ஓடச் சொன்னவங்கள்," என்றான். குரல் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். "உன்னை விட்டாச்சு, ஓடு எண்டு. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவங்கள். அவன் ஓடினவன்."

சொல்லிக்கொண்டே இன்னொரு அடி பின்னால் வைத்தான்.

இராணுவத்தினனின் சிரிப்புக் குறைந்தது. "மொகத மல்லி?" என்ன தம்பி என்று கேட்டான். மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்த மற்றவன் எழுந்து நின்றான். ஓடச் சொல்லியும் ஓடாமல், கண்ணை எடுக்காமல், பின்னால் பின்னால் போகிற ஒரு தமிழ்ப் பெடியன். அவர்களும் பயந்தவர்கள்தான், எங்கே எது வெடிக்கும் என்று அவர்களுக்கும் தெரியாது. ஓடினால் ஆபத்து என்று தம்பி நினைக்கிறான், இப்படியே நின்றால்தான் உண்மையான ஆபத்து என்று எனக்குத் தெரிந்தது. காதுக்குள் அப்பா, ஓடாத பிள்ளை, ஓடாத பிள்ளை என்கிறார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வந்தது. சும்மா இருங்கோ அப்பா என்று மனதுக்குள் கத்தினேன்.

தம்பிக்கும் அந்த இராணுவத்தினனுக்கும் நடுவில் போய் நின்றேன். முதுகு அவர்களுக்கு, முகம் தம்பிக்கு.

"நீ திரும்பி ஓடு. நான் உனக்குப் பின்னால வாறன்."

"வேண்டாம். உங்களுக்குப் படும்."

"என்ர பருமனைப் பார். இதைத் தாண்டி உன்னட்ட என்னடா வரும்?"

அவன் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நாலு வயதில் அப்பாவின் தோளிலிருந்து பார்த்த பார்வை அது என்று எழுத ஆசைதான்; ஆனால் அந்தப் பார்வை எனக்கு ஞாபகமில்லை. இது இருபத்தெட்டு வயது ஆம்பிளை சாகப் பயந்து பார்க்கிற பார்வை. பிறகு மெல்ல மெல்லத் திரும்பினான். இரண்டு கையாலும் அவனைத் தள்ளினேன். ஓடினான்.

நானும் ஓடினேன். அந்தப் பாலம் ஒன்றும் பெரிய நீளமில்லை, பஸ்ஸில் போனால் கண்ணிலும் படாது. அன்றைக்கு அது முடியவேயில்லை. என் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு இடம் குளிர்ந்துபோய், இப்போது, இப்போது என்று காத்துக்கொண்டிருந்தது. பின்னால் கைதட்டுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெடியன் எங்களுக்காகத்தான் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் என் உடம்பு தூக்கிப் போட்டது.

பாலத்தைத் தாண்டி வீதி வளைந்ததும் தம்பி ஓரத்தில் குந்தியிருந்து வாந்தி எடுத்தான். நான் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்விடுவோம் என்றேன். "எந்தப் பக்கத்தால போனாலும் ஒரு காவலரண் வரும்தானே" என்றான். அதுவும் சரிதான். தண்ணி கொடுத்துக்கொண்டு நின்ற மேசையில் வாயைக் கொப்பளித்துவிட்டு நடந்தோம். நுகேகொடைச் சந்தியைச் சுற்றினோம். எல்லோரும் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். வெயில் உச்சந்தலையில் ஏறியது, காலில் கொப்பளம் உடைந்தது.

திரும்பவும் பாலம் தெரிந்தது. அதே ஆட்கள், அதே மணல்மூட்டை. அந்த இளையவன் எங்களைக் கண்டு தூரத்திலேயே கையை உயர்த்திக் காட்டினான். நான் தம்பிக்குப் பின்னால் போகத் தயாரானேன். பார்த்தால் தம்பி எனக்குப் பின்னால் வந்துவிட்டான்.

"என்ன?"

"இந்தமுறை நான் பின்னால. நீங்கள் திரும்பிப் பாக்காமல் ஓடுங்கோ."

"டேய்."

"ஓடுங்கோ அக்கா."

ஓடினேன். போகும்போது என் முதுகு மட்டும்தான் இருந்தது. வரும்போது முதுகு இல்லை, காது மட்டும்தான் இருந்தது. பின்னால் அவனுடைய காலடி. அது நின்றால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. கடவுளே, இவனுக்கு வருவதை எனக்குத் தா என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். இராணுவத்தினன் ஏதோ சொல்லிச் சிரித்தான், தம்பியும் சிங்களத்தில் ஒரு சொல்லுப் பதில் சொன்னான். என்ன சொன்னான் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. காலடி நிற்கவில்லை.

நாங்கள் பூங்காவுக்கு வந்தபோது ஓட்டம் முடிகிற இடத்து வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சிநேகிதி மட்டும் இரண்டு சோடாவோடு காத்திருந்தா. கட்டிப்பிடித்து, கடைசியாக வந்த வீரர்கள் என்று பகிடி பண்ணிவிட்டு, தன் வீட்டுக்காரர் காத்திருக்கிறார் என்று போய்விட்டா. நாங்கள் ஒரு மரத்தடிப் புல்லில் இருந்தோம். தம்பி சோடாவை ஒரே மூச்சில் குடித்தான். வெறும் போத்தலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"அங்க ஓடினவனுக்குப் பின்னால ஒருத்தரும் போகேல்லை, அக்கா" என்றான். "நாங்கள் கனபேர் நிண்டனாங்கள். சுவரோட நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். அவன் ஒருக்காத் திரும்பிப் பாத்தவன்."

உன் பிழை இல்லை என்று சொன்னால் அது வெறும் வாய்ச் சொல். அவன் முதுகில் கையை வைத்தேன். ரீசேட் ஊறி நனைந்து, சூடாக இருந்தது. உள்ளே நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவன் அழுது முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.